ஏறினால்தான் இலை விரியும்

சேலம் அம்மாபேட்டையின் நெசவுத் தெருக்களில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனால், டி.வி. ஸ்டாண்டின் ஓரத்திலோ சமையலறை ஜன்னல் திட்டிலோ ஒரு பாட்டில் கண்ணில் படும். பாதி அளவுக்குத் தண்ணீர், அதில் பழுப்பேறிய வேர், வெளியே ஐந்தாறு இலையோடு ஒரு மணி பிளான்ட். வைத்து எத்தனை வருடமானாலும் இலை உள்ளங்கை அகலத்தைத் தாண்டாது. அதே கொடி ஏற்காட்டுப் பக்கம் ஒரு பெரிய மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறி நிற்பதைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பிக்கை வராது. அங்கே ஒவ்வொரு இலையும் முறம் அகலம். ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கிக் கிழிசல்கள் ஓடும். தண்டு கட்டைவிரலைவிடப் பருமனாக இருக்கும்.

எந்த உரத்தைப் போட்டாலும் பாட்டில் கொடி மரத்துக் கொடி ஆகாது. இலையின் அளவைத் தீர்மானிப்பது முதலில் ஏற்றம், அடுத்தது வெளிச்சம். பற்றி ஏற ஒரு பிடிமானம் கிடைத்த கொடி பெருக்கும். தொங்கவிட்ட கொடி சிறுக்கும். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் என்று இன்று நர்சரிகளில் விற்கிற பெரிய இலைக் கொடிகள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும். இதைத் தொழிலாகவே தெரிந்து வைத்திருப்பவர்கள் நமக்கு வெகு அருகில், காவிரிக்கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் வருவதற்கு முன் கொடியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மணி பிளான்டின் தாவரப் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மோரேயா என்ற சிறு தீவு. 1880-இல் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் இதை முதலில் போத்தோஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். பிறகு இது ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பலமுறை மாற்றப்பட்டது. செடிகளை வகைப்படுத்த முக்கியமான சான்று பூ. இந்தக் கொடியோ பூப்பதே அபூர்வம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கான காரணத்தைச் சொன்னது. பூக்கத் தூண்டுகிற ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு இந்தக் கொடியில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது.

பூ இல்லை என்றால் விதை இல்லை. ஆகவே உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிற மணி பிளான்ட் எல்லாம் ஒரு கொடியிலிருந்து வெட்டிய துண்டு, அந்தத் துண்டிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டு என்றே வந்தவை. பக்கத்து வீட்டிலிருந்து சொல்லாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. பணம் சேர்கிறதோ இல்லையோ, செடி பரவியது அப்படித்தான்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். வெப்பமண்டல மழைக்காட்டின் தரை இருட்டானது. அங்கே முளைக்கிற கொடிக்குத் தன் சொந்தத் தண்டில் நிமிர்ந்து நிற்கும் பலம் கிடையாது. ஒரு மரத்தைக் கண்டுபிடித்தால்தான் பிழைப்பு. கண் இல்லாத செடி மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? அமெரிக்கர்களான டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே இருவரும் கோஸ்டாரிகா காடுகளில் மான்ஸ்டெரா இனக் கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்து, 1975-இல் 'சயின்ஸ்' இதழில் விடையை எழுதினார்கள். செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த நாற்றுகள் இருட்டை நோக்கி ஊர்ந்தன. சுற்றிலும் எந்தத் திசை மிகவும் இருண்டிருக்கிறதோ, அங்கே ஒரு பெரிய அடிமரம் இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தைத் தொட்ட பிறகு கொடியின் போக்கு மாறிவிடுகிறது. அதுவரை இருட்டைத் தேடியது, அதன் பிறகு வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறுகிறது.

தரையில் ஊர்ந்து தேடுகிற காலத்தில் கொடி சிக்கனமாக இருக்கும். தண்டு மெல்லிசு, கணுவுக்குக் கணு இடைவெளி நீளம், இலை சிறிசு. கையிருப்பில் இருக்கிற சர்க்கரை முழுவதையும் தூரம் போவதற்கே செலவழிக்கும். மரம் கிடைத்ததும் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் பட்டையைப் பிடிக்கிறது. தண்டு தடிக்கிறது, அதற்குள் தண்ணீர் போகும் குழாய்கள் கூடுகின்றன. தண்ணீர் வரத்து கூடினால்தான் பெரிய இலையைத் தாங்க முடியும். இதனால் மேலே போகப் போக ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விரிகிறது. மோரேயாவின் அந்தக் கொடி மரத்தின் மேல் விடும் இலை ஒரு மீட்டர் நீளம்கூட வரும். தொங்கும் தொட்டியில் வைத்து அழகாக இறங்கட்டும் என்று விட்டால், பிடிமானம் தவறிவிட்டது என்ற நிலைக்குக் கொடி வந்துவிடுகிறது. மீண்டும் தேடும் காலத்துச் சிக்கனம், மீண்டும் சின்ன இலை. ஸ்டைனிட்ஸ், ஹகிலாடி என்ற ஆய்வாளர்கள் மணி பிளான்டையும் மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் பேரினங்களில் தலா ஒரு கொடியையும் வைத்து 1987-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பற்றி ஏறிய கொடியில் இலை பெருத்தது, பற்ற எதுவுமில்லாமல் தொங்கியதில் சிறுத்தது.

இனி காவிரிக்கரைக்குப் போவோம். நாமக்கல் மாவட்டத்தின் பரமத்திவேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் வட்டாரம் வெற்றிலைக்குப் பேர்போனது. ஜேடர்பாளையத்திலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலின் தண்ணீரில் அங்குள்ள வெற்றிலைத் தோட்டங்களான கொடிக்கால்கள் தழைக்கின்றன. வெற்றிலைக்கும் மணி பிளான்டுக்கும் உறவு கிடையாது. வெற்றிலை மிளகின் குடும்பம், மணி பிளான்ட் சேம்பின் குடும்பம். ஆனால் இரண்டின் பிழைப்பும் ஒன்று. வெற்றிலையும் மலேசியப் பக்கத்து ஈரக்காட்டு நிழலில் கணுவேரால் மரம் பற்றி ஏறும் கொடிதான். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடுகிற இந்தச் சமவெளியில் அது ஒரு நாள்கூடத் தானாகப் பிழைத்திருக்காது. வயலுக்குள்ளேயே ஒரு காட்டு நிழலைக் கட்டி எழுப்பி, அதற்குள் வைத்து வளர்க்கிறார்கள். கூரையும் சுவரும் இல்லாவிட்டாலும் கொடிக்காலை ஓர் அறை என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த அறையின் தூண் அகத்தி. முதலில் அகத்தியை விதைத்து, அது ஓரளவு வளர்ந்தபின் அடியில் வெற்றிலைக் கொடியின் துண்டை நடுவார்கள். கொடி துளிர்த்து நீண்டதும் அகத்தியோடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுவார்கள். ஒரு சாணுக்கு ஒரு கட்டு. பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை வந்து, புதிதாக வளர்ந்த பகுதிக்கு அடுத்த கட்டு. குனிந்து ஒரு கணுவைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் தெரியும். கணுவைச் சுற்றி மீசை மயிர் போலக் குட்டை வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிற பக்கத்து வேர்கள் மட்டும் தட்டையாகி, பட்டையின் வெடிப்புக்குள் நுழைந்து ஒட்டியிருக்கும். காற்றில் நிற்கிற பக்கத்து வேர்கள் நுனி காய்ந்து கருகிப்போயிருக்கும். கட்டு போடுவதே கணுவையும் பட்டையையும் சேர்த்து வைக்கத்தான். வேர் பிடித்துக்கொண்ட பிறகு நார் இற்று விழுந்தாலும் கவலையில்லை.

நிழலையும் கையில் வைத்திருக்கிறார்கள். அகத்தி உயர்ந்துகொண்டே போகாமல் சுமார் 4 மீட்டரில் தலையை வெட்டிவிடுவார்கள். வெயில் காலத்தில் கிளையை விட்டுவைப்பார்கள், மேகமூட்டமான மாதங்களில் கழித்து வெளிச்சத்தை உள்ளே விடுவார்கள். கழித்த தழை ஆட்டுக்கு. வரப்புகளுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் நிற்பதால் உள்ளே காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். கொடியின் அடியோ மேட்டுப்பாத்தியில் இருக்கும்; அதன் வேர் தண்ணீரில் ஊறாது. பல இடங்களில் செருப்போடு கொடிக்காலுக்குள் விடமாட்டார்கள். அதைப் பக்தி என்று சொல்வார்கள். வெற்றிலையை மொத்தமாகச் சாய்க்கிற வாடல் நோய்க்குக் காரணமான பைட்டாப்தோரா ஈர மண்ணின் வழியாகப் பரவுவது என்பதால், அந்தப் பக்தியில் நல்ல பயிர்ப் பாதுகாப்பும் இருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை வியக்க வைப்பது கொடி இறக்கும் வேலை. வெற்றிலைக் கொடி ஒரு வருடத்தில் 3 மீட்டர்வரை ஏறிவிடும். அந்த உயரத்துக்குப் பிறகு மணி பிளான்ட் போல அதன் இலை பெருத்துக்கொண்டே போவதில்லை. வீரியம் குறைந்து இலை சிறுக்கத் தொடங்கும். சந்தையில் இளங்கால் வெற்றிலைக்கு ஒரு விலை, முதுகால் வெற்றிலைக்கு அதைவிடக் குறைந்த விலை. 104 கவுளிக் கட்டுகள் சேர்ந்த ஒரு சுமைக்கு விலை பேசும்போது இந்த வேறுபாடு விவசாயிக்குப் பெரிய பணம். அதனால் பங்குனி, சித்திரை வாக்கில் கொடியை அகத்தியிலிருந்து மெல்லப் பிரித்து இறக்கி, அடிப்பகுதியைச் சுருளாகச் சுற்றி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் கட்டுவார்கள். புதைத்த கணுக்களில் புது வேர், வளைவுகளில் புதுத் துளிர். கொடி மீண்டும் இளமைக்குத் திரும்பிவிடும்.

கொடியின் பருவத்தை அது நிற்கிற இடத்தை மாற்றியே மாற்றலாம் என்று அந்த வேலையிலிருந்து புரிகிறது. வெற்றிலைக்காரருக்குக் கொடி இளமையில் நிற்க வேண்டும், அதனால் இறக்குகிறார். வீட்டில் மான்ஸ்டெரா வளர்ப்பவருக்குக் கொடி முதிர்ச்சி அடைய வேண்டும், அதனால் ஏற்ற வேண்டும். சேலத்து வீட்டில் மாஸ் ஸ்டிக், அதாவது நார் சுற்றிய கம்பு, வைத்துக் கொடி கட்டுகிறவர் செய்வது பரமத்திவேலூர் கொடிக்காலில் தலைமுறைகளாக நடக்கிற வேலையேதான். வெளிநாட்டுச் செடி, வெளிநாட்டு முறை என்று மலைக்க ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டுக்குள் அகத்தி நிழல் அளவுக்குக்கூட வெளிச்சம் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். நம் கண் இதில் நம்மை ஏமாற்றிவிடும். கண்மணி சுருங்கி விரிவதாலும், விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொள்வதாலும் வெயிலிலிருந்து ஹாலுக்கு வந்த சில நிமிடங்களில் ஹால் வெளிச்சமாகவே தோன்றும். அளந்து பார்த்தால் வேறு கதை. திறந்தவெளியில் உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அடர்ந்த மழைக்காட்டில் மேலே விழுகிற ஒளியில் 1 அல்லது 2 சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும். அது 1,000 முதல் 2,000 லக்ஸ். நம் ஹாலின் நடுவில் பட்டப்பகலில் 100, 200 லக்ஸ் இருந்தாலே பெரிது. மழைக்காட்டின் இருண்ட தரையில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குதான் சோபா ஓரத்துச் செடிக்குக் கிடைக்கிறது. 'நிழலில் வளரும் செடி' என்று நர்சரியில் சொல்லும்போது அவர்கள் சொல்கிற நிழல் மரத்தடி நிழல். அதை நாம் அலமாரி மூலை என்று எடுத்துக்கொள்கிறோம்.

வெளிச்சம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இலை தயாரிக்கிற சர்க்கரையைவிட அது உயிர்வாழச் செலவழிக்கிற சர்க்கரை கூடிவிடும். அந்த எல்லைக்கு அருகில் இருக்கிற செடி சாகாது, வளரவும் வளராது. பழைய இலை ஒன்றைப் பழுக்கவிட்டு, அதிலிருந்து எடுத்த சத்தில் புது இலை ஒன்றை விடும். வருடக்கணக்கில் அதே ஐந்து இலை இருப்பதன் ரகசியம் இதுதான். வெள்ளையும் மஞ்சளும் கலந்த ரகங்களுக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் தேவை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அது உண்பதற்கு மட்டும், சமைப்பதற்கு இல்லை.

அம்மாபேட்டை போன்ற தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பவை. பக்கச்சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமும்தான் வெளிச்சம். இந்த வீடுகளில் செடிக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், தறி இருந்த இடம் என்று தயங்காமல் சொல்வேன். நெசவாளிக்கு இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் ஜன்னலை ஒட்டியோ, கூரையில் கண்ணாடி ஓடு பதித்த இடத்துக்குக் கீழேயோதான் தறி போட்டிருப்பார்கள். வெளிச்சம் மட்டுமல்ல, ஈரமும் அங்கே கணக்கில் வந்திருக்கிறது. காற்று வறண்டால் பாவு இழை அறும். குழித்தறியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிப் போட்டதற்கு ஒரு பயன், மண்ணின் ஈரம் இழையைச் சுற்றி நிற்பது. தறி போய் டைல்ஸ் வந்த பிறகும் வெளிச்சம் விழும் அந்த இடம் மாறவில்லை. தொட்டியை அங்கே வையுங்கள்.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. காலை வெயில் இந்தக் கொடிகளைச் சுடாது. மேற்கு ஜன்னலென்றால் சேலத்துப் பிற்பகல் வெயில் நிழலுக்குப் பழகிய இலையை வெளுத்துக் கருக்கிவிடும். ஒரு மெல்லிய வெள்ளைத் துணித் திரை போதும். ஜன்னலே இல்லாத வீட்டில் எல்.இ.டி. விளக்கு வேலை செய்யும், ஆனால் கூரையில் இருக்கும் விளக்கு போதாது. சிறு விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் செடிக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது ஒளியின் விதி. விளக்கை இலைக்கு ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் இறக்கி, ஒரு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட வேண்டும். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. துல்லியம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், ஹாலுக்கும் ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

தண்ணீரைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கிற பூமி இது. பல இடங்களில் போர் தண்ணீரில் மக்னீசியம், கால்சியம் உப்புகள் அதிகம். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், இலை நுனி பழுப்பாகக் காய்வதும் அந்த உப்பால்தான். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீர், அதாவது மேட்டூரிலிருந்து வருகிற காவிரி, செடிக்கும் நல்லது. மழைநீர் அதைவிட நல்லது. உப்புத் தண்ணீர்தான் கைவசம் என்றால், மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு, அடித்துளை வழியாக ஓடவிட்டு, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் வேருக்குக் காற்று. இந்தக் கொடிகளின் வேர் காட்டில் மரப்பட்டையிலும் மக்கிய சருகிலும் இருக்கும், களிமண்ணில் இருக்காது. செம்மண்ணைத் தொட்டியில் இறுக்கி நிரப்பித் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். கொடிக்காலில் வாடல் நோய்க்கு இடம்கொடுக்கிற அதே நிலைதான் தொட்டிக்குள்ளும் உண்டாகிறது. பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு, மீதி மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் மண்புழு உரம், கொஞ்சம் கரித்துண்டு என்று கலந்தால் போதும். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். விடியற்காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் இலையிலிருந்து ஆவியாதல் குறைந்தபோதும் வேர் தள்ளிய நீர் நுனித்துளை வழியாக வெளியேறுகிறது. நோய் என்று பயப்பட வேண்டாம். மண்ணில் ஈரம் நிறைய இருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இலைமேல் ஸ்பிரே அடிப்பதால் பெரிய பயனில்லை. கோடைப் பிற்பகலில் அந்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும். அந்தத் தண்ணீரைக் கொடி ஏறுகிற கம்பின் மேல் அடியுங்கள். நர்சரியில் வாங்குகிற நார் சுற்றிய கம்பு சேலத்து வெயிலில் எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த கம்பில் கணுவேர் நுழையாது. கட்டிவைத்த கயிற்றில்தான் கொடி நிற்கும். அதைவிட, கம்பிவலையைக் குழாயாகச் சுருட்டி, அலசிய நார்க்கழிவை உள்ளே நிரப்பி, மேலிருந்து மெல்ல ஊற்றி ஈரம் காப்பது நல்லது. சொரசொரப்பான மரப்பலகைகூட நன்றாக வேலை செய்கிறது. வேர் மொட்டு இருக்கிற பக்கம் கம்பை ஒட்டி இருக்க வேண்டும். கட்டு தண்டின் மேல் விழ வேண்டும். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் இலை வெளிச்சத்துக்குத் திரும்ப முடியாது. மான்ஸ்டெராவில் கயிறு போல நீண்டு தரையை நோக்கி இறங்குகிற வேர்கள் பற்றும் வேர்கள் அல்ல, தண்ணீர் எடுக்கும் வேர்கள். அசிங்கமாக இருக்கிறதென்று அவற்றை வெட்டாமல் தொட்டிக்குள் வளைத்து விடுங்கள்.

இப்படி ஏற்றிய கொடியில் ஏற்கெனவே இருக்கிற இலைகள் பெரிதாகாது. முழுதாக விரிந்த இலை அதன்பின் வளர்வதில்லை. அடுத்தடுத்து வருகிற இலையை முந்தியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று இலைக்குள் வித்தியாசம் தெரியும். கம்பின் உச்சியைத் தொட்டதும் நுனியை நான்கைந்து கணுவோடு வெட்டிப் புதுத் தொட்டியில் நடலாம். முதிர்ந்த நுனியானதால் பாட்டில் அளவிலிருந்து தொடங்காமல் ஓரளவு பெரிய இலையோடேயே தொடங்கும்.

மான்ஸ்டெராவின் ஓட்டைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மெக்சிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளைச் சேர்ந்த மான்ஸ்டெரா டெலிசியோசாவை விலை கொடுத்து வாங்குவதே அந்த ஓட்டை இலைக்காகத்தான். பூச்சி தின்றோ காற்று கிழித்தோ அவை வருவதில்லை. இலை மொட்டுக்குள் மிகச் சிறிதாக இருக்கும்போதே குறிப்பிட்ட புள்ளிகளில் உள்ள செல்கள் திட்டமிட்டபடி தாமாகவே இறந்துவிடுகின்றன. இலை விரிய விரிய அந்த ஊசிமுனைப் புள்ளிகளும் ஓட்டைகளாக விரிகின்றன. மான்ஸ்டெரா ஒப்ளிக்குவாவில் இதை அருணிகா குணவர்தனவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2005-இல் விளக்கினார்கள். ஓட்டையில்லாமல் விரிந்த இலையில் பிறகு ஓட்டை வராது என்பது இதிலிருந்து தெளிவு.

ஓட்டையால் செடிக்கு என்ன லாபம்? 2013-இல் கிறிஸ்டோபர் முயர் ஒரு கணக்கு முன்வைத்தார். காட்டுத் தரைக்கு வெளிச்சம் சீராக வருவதில்லை. மேலே இலைகள் அசையும்போது சிதறிய வெயில் பொட்டுகளாக வந்து போகும். ஒரே அளவு இலைத் திசுவை ஓட்டைகளோடு அகலமாகப் பரப்பினால், ஏதாவது ஒரு பொட்டு அதன் மேல் விழும் வாய்ப்பு கூடும். சராசரி வருமானம் அதேதான், ஒன்றுமே கிடைக்காத நாள்கள் குறையும். இது இன்னும் கருதுகோள்தான். மழையும் காற்றும் ஊடுருவிப் போவதற்கே என்ற பழைய விளக்கங்களும் இருக்கின்றன. எனக்கு முயரின் கணக்குதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் நிழல் காட்டில் கொடிக்குப் பெரிய பஞ்சம் வெளிச்சப் பஞ்சமே. இதே குடும்பத்தில் ஓட்டை இலைக் கொடி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே உண்டு. ரஃபிடோஃபோரா பெர்டூசா என்று பெயர். நர்சரிகள் அதைப் பெருக்கி விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த விளம்பரத்துக்கு அடிப்படை 1989-இல் நாசாவுக்காக பில் வொல்வர்ட்டன் செய்த ஆய்வு. முழுக்க மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. வீடு மூடிய பெட்டி கிடையாது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கட்டடத்தில் சாதாரணமாக நடக்கிற காற்றோட்டத்துக்கு ஈடாகச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும் என்று கணக்கு வந்தது. காற்று சுத்தமாக ஜன்னலைத் திறந்தால் போதும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் தொண்டையில் காறுவதற்குக் காரணம் அவற்றில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் மூன்றும் அதே குடும்பம், மூன்றிலும் அதே ஊசிகள். கிழங்கை நாம் புளி விட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறோம்; பச்சை இலையைக் குழந்தையோ நாயோ பூனையோ கடித்துவிட்டால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது வருகிற சாறு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நன்றாக வளர்கிற கொடியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருக்கும். கத்தரித்த துண்டுகளை ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகும்போது வழியில் வீச வேண்டாம்; ஏரிக்கரையிலும் ஓடையிலும் போட வேண்டாம். விதை இல்லாவிட்டாலும் ஒரே ஒரு கணு ஈரமண்ணில் விழுந்தால் மணி பிளான்டுக்குப் போதும். இலங்கையில் அது வீட்டிலிருந்து காட்டுக்குத் தப்பிப்போய், தரையை மூடி, மரங்களில் ஏறி, அங்கே இயல்பாக முளைக்கிற செடிகளை நசுக்குகிற அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்றாகிவிட்டது. சேர்வராயன் மலைச்சரிவின் ஈரமும் நிழலும் அதற்கு எல்லா வகையிலும் ஒத்துப்போகும். மிஞ்சிய துண்டை அக்கம்பக்கத்தில் கேட்பவருக்குக் கொடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் போட்டு, கணு முழுக்கச் சருகாகக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள்.